காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே

புது வண்டி வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து சொல்லும் குறை ஒன்றுதான்: மிதித்தால் உடனே பாய்வதில்லை. கொடுத்த விலைக்கு அவர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் வண்டி மேல் தப்பில்லை. பழைய வண்டிகளில் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடியது. இன்றைய வண்டியில் அது கிடையாது. ஆக்ஸிலரேட்டரை நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதைப் படித்து, யோசித்து, அனுமதி தருகிறது. அந்த யோசனையைக் குறைப்பது என் தொழில். லேப்டாப்பைச் செருகி, புரோகிராமைத் திருத்தி எழுதி, தொட்டால் சீறுகிற மாதிரி ஆக்கித் தருவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சொந்த வண்டிக்கு மட்டும் என் லேப்டாப்பில் இரண்டு புரோகிராம்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, எதற்கு இரண்டு என்று கேட்டீர்கள். முதலாவது தாமதத்தைக் குறைப்பது. இரண்டாவது கூட்டுவது. இரண்டும் நான் எழுதியவைதான் இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டாவதுதான் கஷ்டமான வேலை. கெடுத்தது தெரியாத அளவுக்குக் கெடுக்க வேண்டும் அல்லவா.

பட்டறை எனக்கும் அண்ணனுக்கும் பொது. நான் திருத்துவேன், அவர் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். மாடியில் அண்ணன், அண்ணி, ஒன்பது வயது மகள். பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் மாடியில்தான் சாப்பாடு. நான் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் எங்களுடையது.

போன வருடம் ஒரு கார் கம்பெனி, வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் வேலைக்கு அண்ணனை அழைத்தது. இரண்டு மாதத்தில் போய் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் பயணத் தூரம். அண்ணி அன்றைக்கே அங்கே என்ன பள்ளிக்கூடம் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"லீவுல வந்து வந்து போடா. என்ன, கடல் தாண்டியா போறோம்?" என்றார் அண்ணன்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இனி நான் விருந்தாளி என்பது எனக்கு அப்போது புரிந்தது.

எங்கள் அப்பா பஸ் டிரைவர். அவருக்கு வந்த நரம்பு நோய் வலது காலில்தான் தொடங்கியது. கால் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்றார். டாக்டர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு எட்டு வருடம் அப்பா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தூக்கியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் அண்ணனும் நானும்தான். அண்ணன் இந்த உலகத்தில் எதற்காவது பயந்தார் என்றால் அந்த நோய்க்குத்தான். அது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அங்கேதான் பழகினார். நான் இரண்டாவது புரோகிராமை வைத்தேன். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம், அதற்கு மேல் இல்லை. ஸ்டியரிங்கில் உள்ள ஒரு பொத்தானை மூன்று தரம் அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும். அண்ணன் ஏறுவதற்கு முன் வண்டியைத் திருப்பி நிறுத்திக் கொடுப்பது எப்போதும் என் வேலை.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் பட்டறைக்கு வந்து புலம்புகிற இளவட்டங்களிடம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய் ஓயாமல் சொல்கிறவர் என் அண்ணன். அவரே எப்படிக் கூடத்தைக் குறை சொல்வார்? இரண்டு வாரம் அதே வளைவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அண்ணியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் பொத்தானை மூன்று தரம் அழுத்திவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்திக் கொடுத்தேன்.

"எனக்கு நல்லாத்தானே போகுது? தொட்டாலே ஓடுது," என்றார் அண்ணி.

அண்ணன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். "அப்பாவுக்கும் இப்படித்தாண்டா ஆரம்பிச்சுது," என்றார்.

"சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க அண்ணே," என்றேன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அப்பாவுக்கும் முதலில் அப்படித்தானே சொன்னார்கள் என்று அண்ணன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடம்பு சரியில்லை, வர முடியாது என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓடுபாதைக்குப் போவதை விடவில்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு அதுதான் வழி. அதனால் என்னாலும் இரண்டாவதை எடுக்க முடியவில்லை.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிடப் போனேன். அண்ணன் பாயில் விறைப்பாகப் படுத்திருந்தார். அண்ணி அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குத் தேவைப்படும் என்று, அப்பாவை நாங்கள் தூக்கிய விதத்தை அண்ணன் சொல்லிக் கொடுக்கிறாராம்.

"முதுக வளைக்காத. முழங்கால மடக்கு. உன் இடுப்பும் போயிடுச்சுன்னா என்னை யாரு பாக்குறது?" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தார். சிரித்தபடியே சமையலறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

நானும் மனிதன்தான் ஐயா. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கம்பெனியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்பதைப் போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். மறுநாள் காலை முதல் புரோகிராமை வைத்துக் கொடுத்தேன். அதை இன்னும் கூர்மையாக்கியும் இருந்தேன். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். கால் சரியாகிவிட்டது என்று துள்ளிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், இத்தனை நாள் என்ன இருந்தது என்று கேட்பார்.

முதல் வளைவிலேயே வண்டி வெளியே பாய்ந்து சிமெண்ட் தூணில் மோதியது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை உங்களுக்கு முன்பே நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். பல வாரங்களாகவே, ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் ஐந்தில் ஒரு பங்கு நொடி முன்னதாக, கொஞ்சம் ஆழமாக மிதித்திருக்கிறது. என் தாமதத்தை அது மனப்பாடம் செய்துவிட்டது. கடைசி நாளும் அப்படியேதான் மிதித்தது. அவ்வளவு நேர்த்தியான காலை நான் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கால் கைவிட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணியின் அண்ணன் வந்து, அவரையும் குழந்தையையும் தன் ஊருக்கே கூட்டிப் போகிறேன் என்றார். பெட்டி கட்டியாயிற்று. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, இவ நேத்து படியில தடுக்கி விழுந்துட்டா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. நீங்க மாமாவையும் பாத்தீங்க, இவரையும் பாத்தீங்க. நடக்குறதக் கொஞ்சம் பாருங்க."

பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறுங்காலோடு நடக்கச் சொன்னேன். நூல் பிடித்த மாதிரி நடந்தாள். திரும்பி வரும்போது, "சித்தப்பா, ஓடிக் காட்டவா?" என்று கேட்டாள்.

"வலது கால் லேசா இழுக்குது அண்ணி," என்றேன். "புது ஊர்ல யாரத் தெரியும் உங்களுக்கு? அப்பாவப் பாத்த டாக்டர் இங்கதானே இருக்காரு."

பெட்டிகளைப் பிரித்துவிட்டார்கள். பள்ளியில் ஓட்டப் பந்தயத்திலிருந்து அவள் பெயரை எடுத்தாயிற்று. இப்போதெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். மாடிப்படியில் நான்தான் தூக்கி இறக்குகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் என் இடம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது புரோகிராமை எழுதியவன் நான். அண்ணனைக் கொன்றவனும் நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணியிடமும் சொல்லிக்கொள்ளுங்கள். கோபப்படுவார், பிறகு ஆறிவிடும், குடும்பம் என்றால் அப்படித்தானே. குழந்தையின் கால் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் கிளம்பிப் போய்விடுவார்கள். முன்பின் தெரியாத ஊரில் அவளைத் தூக்கி இறக்க யார் இருக்கிறார்கள்?