மாமிக்குத் தெரியப்படாது

முஸ்பிறா: கைய நீட்டு புள்ள. வாட்டில எல்லாரும் ஊசி போட்ட இடத்தக் காட்டிட்டாங்க. நீ மட்டும்தான் ஒளிச்சுத் திரியிறாய்.

கஜனி: நாளைக்குக் காட்டுறன் ராத்தா... இண்டைக்குச் சரியான வேலை.

முஸ்பிறா: நாளைக்குப் பிந்திப்போகும். நீயும் நேர்ஸ்தானே, உனக்கு நான் சொல்லணுமா? நீட்டு... ம்ம்.

கஜனி: என்ன ம்ம்?

முஸ்பிறா: டீபி பார்க்க ஊசி போட்ட இடம் நல்லாத் தடிச்சிரிக்கி.

கஜனி: நுளம்பு கடிச்சதாயும் இருக்கும்தானே?

முஸ்பிறா: ஓம் ஓம், ஊசி போட்ட இடத்தத் தேடிவந்து கடிச்ச நுளம்பு! மூலைக் கட்டில் சம்மாந்துறை வாப்பாவ நீதானே தூக்கி இருத்தி, கஞ்சி பருக்கினாய்? அவர் இருமினது டீபி எண்டு பிறகுதானே...

கஜனி: ஐயோ, மெல்லக் கதைங்க!

முஸ்பிறா: என்னத்துக்கு? ஊசி போட்ட அண்டைக்கு எடுத்த உன்ட எக்ஸ்ரே நல்லம். இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. கிருமி உள்ளுக்க நித்திரை. உன்னால ஆருக்கும் தொத்தாது. அது எழும்பாம இருக்கக் கொஞ்ச மாசம் மருந்துக் குளிசை. அவ்வளவுதான்.

கஜனி: அது எனக்குத் தெரியும். திருக்கோவிலுக்குத் தெரியுமா?

முஸ்பிறா: திருக்கோவில்ல ஆரு?

கஜனி: சுஜிந்தன்ட அம்மா... எனக்கு வரப்போற மாமி. வாற மாசம் கல்யாணம். மருமகளுக்குக் காசம் எண்டு ஒரு சொல்லு காதில விழுந்தாப் போதும்... வாங்கின கூறைச் சீலையக் கடையில திருப்பிக் குடுத்திருவா.

முஸ்பிறா: மாப்பிள்ளைக்கு விளங்குமே. அவரும் ஆஸ்பத்திரி லெப்பில சளி சோதிக்கிற வேலைதானே?

கஜனி: விளங்கும்... ஆனா அம்மா சொன்னா மறுகதை இல்ல அவருக்கு. நான் இப்ப குளிசை குடிக்கல்ல ராத்தா. கல்யாணம் முடியட்டும், பார்ப்பம்.

முஸ்பிறா: விசர்க்கதை கதைக்காத! இஞ்ச பார்... நானும் இந்தக் குளிசை குடிச்சவள்தான்.

கஜனி: நீங்களா? எப்ப?

முஸ்பிறா: கலியாணம் முடிச்ச புதுசில. மருதமுனையில ஒரு குருவிக்கும் தெரியா. என்ட வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னன்.

கஜனி: என்ன சொன்னார்?

முஸ்பிறா: மூஞ்சி கறுத்திட்டு. பிறகு போன்ல தேடித் தேடி வாசிச்சிட்டு, எனக்கே பாடம் எடுக்க வெளிக்கிட்டார்!

கஜனி: சிரிப்புக் காட்டாதீங்க ராத்தா...

முஸ்பிறா: சிரிச்சிட்டாய்தானே. போன எடு. நான் வெளிய நிக்கன்.

கஜனி: போகாதீங்க! ஸ்பீக்கர்ல போடுறன்... ஹலோ, சுஜிந்தன்? வேலையா?

சுஜிந்தன்: இல்ல, சொல்லுங்க. ஏன் குரல் ஒரு மாதிரி?

கஜனி: ஒண்டு கதைக்கணும்... கையில ஊசி போட்டுப் பார்க்கிறதானே, டீபிக்கு... அது தடிச்சு...

சுஜிந்தன்: ஐயோ... உங்களுக்கு ஆரு சொன்ன?

கஜனி: என்ன?

சுஜிந்தன்: கோவிக்காதீங்க கஜனி. நானே சொல்லத்தான் இருந்தன்...

முஸ்பிறா: அல்லாவே!

சுஜிந்தன்: ஆரது பக்கத்தில?

கஜனி: அத விடுங்க. என்னத்தச் சொல்ல இருந்தீங்க?

சுஜிந்தன்: என்ட கை தடிச்சதத்தான்... குளிசை துவங்கிட்டன். அம்மாதான் விடியத் தண்ணியும் குளிசையும் கொண்டு தாற. பொம்பிள வீட்டாருக்குத் தெரிஞ்சாக் கல்யாணத்தக் குழப்பிப்போடுவாங்க எண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கிட்டா... கல்யாணம் முடிச்சு ஊர் வழக்கப்படி உங்கட வீட்டுக்குக் குடிவந்தா குளிசைய எங்க ஒளிக்கிற எண்டுதான் நானும் அம்மாவும் மண்டையப் போட்டு உடைச்சிக்கொண்டிருக்கம்!