இரண்டாம் பாகத்திலிருந்து எழுதியது நான்

“எழுது. ‘இந்தப் படத்தில் பனி நன்றாக நடித்திருக்கிறது.’”

“பனியா?”

“பனிதான். மனுஷங்க யாரும் நடிக்கல, அதையாவது பாராட்டி வைப்போம். அடுத்து...”

“படகு ரிப்பேர் பண்றவன்தான் கொலைகாரன்னு எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு.”

“உன்கிட்ட யாரும் கேட்கல. முற்றுப்புள்ளி வெச்சியா?”

“வெச்சேன். அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? பொறந்த நாளும் அதுவுமா, பாவம், ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தா.”

“ஏம்மா, இது கொலைப் படம். உங்க அத்தை வீட்டு விசேஷம் இல்ல. எழுது.”

ஏழு வருடங்களுக்கு முன் இதே கூடத்தில் எனக்கும் என் கணவருக்கும் நடந்த பேச்சு இது. நீங்கள் டீயை ஆறவிடாதீர்கள், நான் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பத்திரிகை ஆசிரியரான உங்களுக்கு, எந்தக் கதையையும் முதல் பாகத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த அந்தப் போலீஸ் படவரிசையின் முதல் படத்தை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டே சொல்லுவார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். அப்போதே அது இருபது வருடப் பழக்கம். உங்கள் வார இதழில் ‘கத்தரி’ என்ற பெயரில் வந்த விமர்சனம் ஒவ்வொன்றும் அவர் வாயில் பிறந்து என் கையில் வளர்ந்தது. நடுவில் நான் ஒரு சொல்லை மாற்றினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். பாராட்டவே மாட்டார் என்று சொன்னால் அது பொய். பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்பார்.

முதல் படம் அவருக்குப் பிடித்திருந்தது. ‘இந்தக் கதை முடிந்துவிட்டது. தயவுசெய்து இரண்டாம் பாகம் எடுக்காதீர்கள்’ என்று முடித்தார். அவர்கள் நம் மொழி படிப்பதில்லை போலிருக்கிறது, எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் வந்தபோது வழக்கம்போல முன்கூட்டியே பார்க்க அனுப்பிவைத்தீர்கள். நாங்கள் இருவரும் பார்த்தோம். முதல் படத்துக் கொலைகாரன் சிறையில் இருக்கிறான், வெளியே வேறொருவன் அவனைப் போலவே கொலை செய்கிறான். மறுநாள் காலை அவர் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். “எழுது. ‘இந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்ததற்கு ஒரே காரணம்...’”

அதோடு நின்றுவிட்டார். நான் பேனாவோடு காத்திருந்தேன். அவர் யோசிக்கும்போது குரல் கொடுத்தால் கோபம் வரும். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து கீழே கிடந்தார். கன்னத்தில் பாதி நுரை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. “கத்தரி சார் இன்னும் பக்கம் அனுப்பலையே” என்று கேட்டார்கள். இத்தனை வருடங்களில் அவர் ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை. அந்தப் பெயரை நான் காப்பாற்ற நினைத்தது தவறா என்று நீங்களே சொல்லுங்கள். கைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. பாதி வாக்கியத்தை அப்படியே விடவும் முடியாது. ‘...இன்ஸ்பெக்டர் தன் மகளுக்கு இன்னும் போன் செய்யவில்லை என்பதுதான்’ என்று முடித்தேன். அதற்குப் பிறகு கை தானாகவே ஓடியது. மூன்று பக்கம். கொலைகாரனைப் பற்றி மூன்று வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் அந்த வீட்டில் யார் யாருக்குச் சாப்பாடு வைத்தார்கள், யார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள் என்பதைப் பற்றி.

நீங்கள்கூடப் போனில் பேசினீர்களே. “இந்த நிலைமையிலும் எழுதியிருக்காரே மனுஷன். கத்தரிக்குள்ள இவ்வளவு ஈரம் இருக்கா?” என்றீர்கள். நான் சும்மா இருந்தேன். நீங்களாகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதாக எடுத்துக்கொண்டீர்கள். பெரியவர்கள் நினைப்பதை மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அவருக்குப் பேச்சு இல்லை என்று தெரிந்த பிறகு கேட்டவர்களிடம், கண்ஜாடையிலேயே சொல்கிறார், எனக்குப் புரிகிறது என்றேன்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். “நாக்குதான்மா முடங்கியிருக்கு, புத்தி இல்ல. நாம பேசறது எல்லாம் அவருக்குப் புரியுது. முதல் ஆறு மாசம் விடாம பயிற்சி கொடுத்தா பேச்சு வந்துடும். அந்த ஆறு மாசத்தை மட்டும் கோட்டை விட்டுடாதீங்க” என்று சொன்னார். வீட்டுக்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளரை அனுப்பிவைத்தார். சின்னப் பெண், துறுதுறுவென்று இருப்பாள். நான் அவளை ‘பேச்சு டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் தன் மனதில் இருப்பதைச் சுட்டிக் காட்டுவதற்காக ஓர் எழுத்துப் பலகை கொண்டுவந்தாள். அதில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் இருந்தன.

“இதைப் பார்த்தா சொகமா இருக்கறவங்களுக்கே தலை சுத்தும்” என்றேன்.

“சாருக்கு சுத்தாது ஆன்ட்டி. எழுத்துல ஊறினவராச்சே” என்று சிரித்தாள்.

மூன்றாவது வாரத்தில் நான் அவளை நிறுத்திவிட்டேன். அவர் ரொம்பக் களைத்துப்போகிறார், பார்க்கச் சகிக்கவில்லை என்று போனில் சொன்னேன். “ஆன்ட்டி, இப்ப நிறுத்தினா எல்லாம் வீணாப் போயிடும்” என்று கெஞ்சினாள். வேறொருவர் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். பலகையை அலமாரியின் மேல் தட்டில் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். கண்ணில் படும்போதெல்லாம் அவர் இடது கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நோயாளியை ஏன் ஏங்க வைக்க வேண்டும்? டாக்டரிடம் தினமும் பயிற்சி நடக்கிறது என்று சொன்னேன். என் நாத்தனாரிடம் இனிமேல் பேச்சு வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டதாகச் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

ஒரு விஷயத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவரை ஒரு நாளும் குறைவாகப் பார்த்துக்கொண்டதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பேன். நாலு வருடமாகிறது, முதுகில் ஒரு புண் கிடையாது. நகம் வெட்டிவிடுவேன், முகம் மழித்துவிடுவேன். மனதார நேசிக்காத மனுஷிக்கு இது முடியுமா? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் “உங்களை மாதிரி ஒருத்தி கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் பாகத்தில் கொலைகாரனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தான். கதை தீர்ந்துபோனால் இரட்டையர் பிறப்பது எல்லா நாட்டிலும் வழக்கம்தான் என்று எழுதினேன். ஆனாலும் அந்தச் சகோதரன் துணி மடிக்கும் அழகைப் பார்த்தால் பெண் கொடுக்கத் தோன்றுகிறது, அவனைப் போய் ஏரியில் தள்ளிவிட்டார்களே என்றும் எழுதினேன். வாசகர்கள் அந்த வாரம் முப்பது கடிதம் போட்டார்கள். நாலாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் குண்டடி பட்டுப் படுத்துக் கிடக்கிறார், விவாகரத்து ஆன மனைவி வந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் அவருடைய தலையணையைச் சரிசெய்யும் ஒரே காட்சியைப் பற்றி நாலு பத்தி. அதைத் தான் வெட்டி எடுத்து டைரிக்குள் வைத்திருப்பதாக ஒரு தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். என் கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய அத்தனை வருடங்களில் அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. கத்தரிக்கு வந்த கடிதங்கள் எல்லாம் சண்டைக் கடிதங்கள்.

ஒவ்வொரு விமர்சனத்தையும் அச்சாகி வந்ததும் அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவரது பெயரில் வருவதை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க நான் ஒன்றும் திருடி இல்லை. படித்து முடித்து முகத்தைப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொள்வார்.

ஐந்தாம் பாகம் போன மாதம் வந்தது. அதை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. கடைசியில் கொலைகாரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தான் செய்ததையெல்லாம் குரல் உயர்த்தாமல் விளக்கிச் சொல்லுகிறாள். இருபது நிமிடம். நிஜத்தில் யார் இப்படி உட்கார்ந்து பேசுவார்கள், இது எழுதியவரின் சோம்பல் என்று சொல்லிவிட்டேன். மற்றபடி நல்ல படம். இன்ஸ்பெக்டர் ஒரு வழியாக மகளுக்குப் போன் செய்கிறார். அந்த இடத்தைப் பற்றி எழுதும்போது என் கண் நிறைந்துவிட்டது. அந்த விமர்சனத்துக்குத்தான் இந்த வருடம் பரிசு கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். அவருக்கு.

அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் என் நாத்தனார் வாழ்த்துச் சொல்ல வந்தாள். வந்த இடத்தில் அண்ணனுக்குப் போர்வை எடுக்கிறேன் பேர்வழி என்று அலமாரியைக் குடைந்தாள்.

“அண்ணி, என்ன பலகை இது? எழுத்தெல்லாம் போட்டிருக்கு?”

“பழசு. தூசி. தும்மல் வரும், வெச்சுடு.”

அவள் வைக்கவில்லை. அதை அண்ணன் மடியில் வைத்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடது கை விரல் நடுங்கி நடுங்கி ஒவ்வோர் எழுத்தாகப் போனது. நான் சமையலறையில் இருந்தேன். ‘அது நான் இல்லை. ஆசிரியரைக் கூப்பிடு.’ அவ்வளவுதான். பரிசை வேண்டாம் என்பதற்கு ஒன்றரை மணி நேரம் பாடுபட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“நாலு வருஷமா எங்க அண்ணன் வாயைத் தைச்சு வெச்சிருக்கீங்களே அண்ணி. நல்லா இருப்பீங்களா நீங்க?”

“தைக்கல. எனக்குத் தையல் வராது.”

“பேச்சு டீச்சருக்குப் போன் போட்டேன். நீங்கதான் வர வேண்டாம்னு சொன்னீங்களாமே. டாக்டர் கைவிரிக்கவே இல்லையாமே.”

“அவர் களைச்சுப்போனார்டி. நீ கூட இருந்து பார்த்தியா?”

“களைச்சதுக்கு யாராவது நாக்கைப் புடுங்குவாங்களா?”

அவளுக்கு எப்போதும் கொஞ்சம் வாய் நீளம். இருந்தாலும் அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அவர் களைத்தது உண்மைதான், ஆனால் நான் நிறுத்தியது அதற்காக மட்டும் இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேச்சு டீச்சர் போன பிறகு, இரண்டாம் பாகத்தின் விமர்சனத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நானே முழுதாக எழுதிய முதல் பக்கங்கள் அவை. அவர் வாயைத் திறந்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. தெளிவாக, கணீரென்று வந்தது.

“தப்பு” என்றார்.

மறுநாள் காலைதான் நான் போன் செய்தேன். வார்த்தை வந்ததைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கு முதலில் வருகிற வார்த்தையே அதுவாக இருந்தால், அடுத்தடுத்து என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. போன வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, காலம் கடந்துவிட்டது, இனி வராது என்றார். உதட்டைப் பிதுக்கி என்னைப் பார்த்து, “நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்கம்மா” என்றார்.

இதுதான் நடந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பரிசை யாருக்குக் கொடுப்பதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நாத்தனார் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி கொண்டுவரப் போயிருக்கிறாள். துணிகளை நானே மடித்து வைத்துவிட்டேன். மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதி வைக்காமல், எல்லாவற்றையும் அவளுக்கு வாய்விட்டே சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, ஐந்தாம் பாகத்தின் விமர்சனத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். போன் மணி அடிக்கும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கழுத்தை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். செயலிழந்த அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்க நினைத்து, கேட்டால் சிரித்துவிடுவாரோ என்று விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை இன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

“அவசரமே இல்லங்க, மெதுவா சொன்னாப் போதும். நான் நல்லா எழுதியிருக்கேன்னு ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்களேன்.”