பக்கத்து சீட்டு

மனைவி: இந்தக் காகிதத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே மேடம்? எங்க வீட்டுக்காரர் சட்டைப்பையில இருந்துச்சு.

பயிற்சியாளர்: ஐயோ... துவைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

மனைவி: சிரிக்காதீங்க. மேல ஏதோ 'சாட் அப் லைன்'னு போட்டிருக்கே... அப்படின்னா?

பயிற்சியாளர்: அது வந்து... மனசுக்குப் பிடிச்சவங்ககிட்ட முதல்முதலா பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. "உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே"ன்னு ஆரம்பிப்பாங்களே...

மனைவி: வழியறதுன்னு சொல்லுங்க!

பயிற்சியாளர்: கொஞ்சம் நாகரிகமா வழியறது.

மனைவி: ஸ்ட்ரோக் வந்து பேச்சுப் போன மனுஷனுக்கு தண்ணி, கதவுன்னு சொல்லித் தராம இதையா...

பயிற்சியாளர்: அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு அக்கா. இங்க திக்கித் திக்கி நல்லாவே பேசறார்.

மனைவி: இங்க! தினமும் கதவுக்கு வெளிய உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். வீட்டுக்கு வந்தா எட்டு மாசமா ஒரு வார்த்தை கிடையாது. தலையாட்டறதோட சரி. என்கிட்ட மட்டும் என்ன கோபம் அவருக்கு?

பயிற்சியாளர்: கோபம் இல்லக்கா... வெட்கம். செருப்புக் கடையில நாள் பூரா வாய் ஓயாம பேசி வித்தவர். உங்க முன்னாடி திக்கறதுக்குக் கூசறார்.

மனைவி: ...நான் என்ன வேத்து ஆளா?

பயிற்சியாளர்: நானும் அதைத்தான் கேட்டேன். "அவகிட்ட... முதல்லேர்ந்து... ஆரம்பிக்கணும்"னார். விளையாட்டா பத்து வரி எழுதிக் கொடுத்தேன். பாருங்க, ஒன்பதை அடிச்சிட்டார்.

மனைவி: "இங்க யாராவது வர்றாங்களா?"... ஐயோ.

பயிற்சியாளர்: முதல்முதலா பஸ்ல, பக்கத்து சீட்டைக் காட்டி உங்ககிட்ட கேட்டதாமே? நீங்க "ஆமா, வர்றாங்க"ன்னுட்டீங்களாம். ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே வந்தாராம்.

மனைவி: இருபத்திரண்டு வருஷம் ஆச்சு... இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கார்?

பயிற்சியாளர்: யார் வர இருந்தாங்கன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் கேட்கலையாம். சரி, பையை அந்த நாற்காலியிலேர்ந்து எடுங்க. சார், உள்ள வாங்க!

மனைவி: இருங்க மேடம்... தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு.

கணவர்: இ... இங்க...

பயிற்சியாளர்: மெதுவா சார், மூச்சு விட்டு...

மனைவி: நீங்க சும்மா இருங்க மேடம். அவர் சொல்லுவார்.

கணவர்: இங்க... யா... யாராவது... வர்... வர்றாங்களா?

மனைவி: யாரும் வரலைங்க. அன்னிக்கும் யாரும் வர்றதா இல்ல... நீங்க நின்னாத்தானே நான் திரும்பாமலே ஜன்னல் கண்ணாடியில உங்க முகத்தைப் பார்க்க முடியும்? அதான் பொய் சொன்னேன். இப்ப உட்காருங்க.