நிறுத்திவைத்த காசோலை

வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்குத்தான் வங்கியைப் பூட்டுவோம். பண்ணைக்காரர்களுக்கு அது வசதி. டார்லாவும் அவள் தங்கை ஜோனியும் பூட்டும் நேரத்தில்தான் வந்தார்கள். நான் முகம் சுளிக்கவில்லை. வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப்.

இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு வேண்டும் என்றார்கள். தொடங்கிக் கொடுத்தேன். இறந்துபோன அப்பாவின் மாடுகளை ஏலத்தில் விற்ற காசோலையை அதில் போட்டார்கள். புதுக் கணக்கில் விழும் காசோலையைச் சில நாள் நிறுத்திவைக்க விதியில் இடமுண்டு. அடுத்த வாரக் கடைசிவரை பணம் எடுக்க முடியாது என்றேன்.

ஜோனிக்கு வாய் அதிகம்.

"மாடெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு லொரெய்ன் அம்மா? செக்குக்கு மட்டும் என்ன சீக்கு வந்துச்சாம்?"

"விதி அப்படிம்மா."

"உங்க விதி எங்களுக்கு டென்வர்ல வீடு பிடிச்சுக் குடுக்குமா? நாளைக்கு அட்வான்ஸ் கட்டலேன்னா அவ மறுபடி அந்த ஆளு வீட்டுக்குத்தான் போகணும்."

டார்லா அவளை முழங்கையால் இடித்தாள். ஜூலை வெயிலில் டார்லா முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள். நான் கவனிக்காமல் இல்லை.

காசோலையில் கோளாறு இருந்தால் காத்திருக்கும்போது தெரிந்துவிடும். முடிவுகளும் அப்படித்தான். ஒருமுறை நானும் பெட்டி கட்டினேன். கையில் பணமில்லை, இருந்துவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. என் கணவர் ஹெர்ப் இப்போது கை ஓங்குவதே இல்லை. பக்கவாதம் வந்தபின் அவரால் முடியாது.

இன்னொன்று. எப்படியும் தணிக்கையில் தெரிந்துவிடும். கணக்கில் இருக்கும் எல்லோரும் வங்கியின் பழைய வாடிக்கையாளர்கள் என்றால், அது புதுக் கணக்காகாது. ஜோனிக்கு எங்களிடம் பள்ளிக் காலத்திலிருந்தே கணக்கு உண்டு. டார்லாவுக்கும் உண்டு, கணவன் வேடோடு சேர்ந்து, கல்யாணமானதிலிருந்து. அந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது. எனக்குத் தெரியும். அதைப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

டார்லா அவன் வீட்டுக்குத் திரும்பினாள். சனிக்கிழமை காலை நான் வேடுக்குத் தொலைபேசியில் பேசினேன். தேவாலயப் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நிற்பவன், மரியாதை தெரிந்தவன். உன் மனைவி பணம் சேர்க்கிறாள், டென்வர் என்கிறாள், அடுத்த வாரக் கடைசிவரை நேரம் இருக்கிறது, உட்கார்ந்து பேசு என்றேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றான். குரல் உயரவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் பாட வரவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். திங்கட்கிழமை நீங்கள் வேடின் களஞ்சியக் கதவை உடைத்து அவள் உடலை வெளியே எடுத்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக அந்தக் காசோலையை விடுவித்தேன். பணம் தயாராக இருக்கிறது. ஜோனி எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். சொன்ன நாளுக்கு முன்பே. என்னால் முடிந்த உதவி.

அந்த வெள்ளிக்கிழமை அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். டார்லா மட்டும் திரும்பி வந்து, கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு இது தெரிய வராதுல்ல, லொரெய்ன் அம்மா?"