பெட்டியில் வந்த பாட்டு

— கதவை உடைச்சுடாதீங்க, மேஸ்ட்ரோ. திறந்துதான் இருக்கு. நான் இன்னும் ஒப்பனைகூட முடிக்கல.

— ஒப்பனை கிடக்கட்டும், வால்புர்கா அம்மா. என் ஓபராவோட கடைசிப் பாட்டைத் தூக்கிட்டு, வேற எவனோ எழுதினதைப் பாடப் போறீங்களாமே? வயலின்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியுது.

— வியன்னாவுல எந்தப் பாடகிதான் செய்யல? எல்லார் பெட்டியிலயும் கைதட்டல் வாங்குற பாட்டு ஒண்ணு இருக்கும். போற ஊர்ல, ஆடுற ஓபராவுல சொருகிடுவோம். என்னமோ புதுசாப் பாக்குற மாதிரி குதிக்கிறீங்க.

— அடுத்தவன் கதையில சொருகுங்க. என் கதையில வேணாம்.

— கிராப்னர் சிம்பொனின்னா ஊரே உருகுது. கிராப்னர் ஓபரான்னா? மூணு எழுதினீங்க, ஒண்ணாவது ஒரு வாரம் தாண்டிச்சா? இதுவும் படுத்துட்டா, இந்தக் கொட்டகைப் பக்கமே வரவேணாம்னு முதலாளி சொல்லிட்டார். முடிவுல ஒரு நல்ல பாட்டு இருந்தாத்தான் நீங்க தப்பிப்பீங்க.

— இரவல் பாட்டுல தப்பிக்கிறதுக்கு, படுத்தே போகட்டும்.

— அதைப் படிச்சுப் பாத்தீங்களா?

— வயலின்காரர் காட்டின தாள்ல, மேல 'சிக்னோர் பெல்லாந்தி'ன்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன படிக்கிறது? இத்தாலிக்காரன் காய்ச்சின சர்க்கரைப் பாகுதான்.

— ரெண்டே வரி.

— பாக்க மாட்டேன். மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லிடுங்க. அவன் பாட்டுதான்னா, என் தாளையெல்லாம் சுருட்டிக்கிட்டு இப்பவே கிளம்புறேன்.

— கிளம்புறது உங்களுக்குப் பழக்கம்தானே. முதல் ஓபராவுல ஜனங்க பிடிக்காம சீட்டியடிச்சுக் கேலி பண்ணினதும், பாதியிலயே தொப்பியை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க.

— அன்னிக்கு நீங்க அங்க எங்க வந்தீங்க?

— கோரஸ்ல கடைசி வரிசை. நீங்க போனப்புறம் கதாநாயகியும் அழுதுக்கிட்டே ஓடிட்டா. மூணாவது அங்கத்துல அவ பாட்டை என்னைப் பாடச் சொல்லித் தள்ளிவிட்டாங்க.

— யாருக்குப் பாடினீங்க, நாற்காலிகளுக்கா?

— எல்லாரும் கோட்டு மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாங்க. பாட்டை எடுத்ததும் அப்படியே நின்னுட்டாங்க. மறுபடி பாடுன்னு கேட்டாங்க, மேஸ்ட்ரோ.

— என்கிட்ட யாரும் சொல்லலையே.

— நீங்கதான் அப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கமே வரலையே. வார்த்தைகளை இத்தாலியன்ல மாத்தி, அன்னிலேர்ந்து அதைத்தான் பெட்டியில வெச்சு ஊர் ஊராப் பாடுறேன். ஓபராப் பாட்டுக்கு உங்க பேரைச் சொன்னா எந்த முதலாளியும் மேடை ஏத்தமாட்டான்னுதான், உலகத்துலயே இல்லாத ஒரு பெல்லாந்தியை நான் உண்டாக்கினேன்.