முறைப்பாட்டின் பிரதி

என் கந்தோருக்கு யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணி கொடுப்பேன். நிரோஷினிக்கும் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் இன்ரநெற் இணைப்புக் கொடுக்கும் சின்னக் கொம்பனி நடத்தினேன். வாடிக்கையாளர்கள் அநேகமாக எங்கள் ஆட்கள்தான். வீடுவீடாகப் போய் நானே மோடத்தைப் பூட்டிக் கொடுப்பேன். றமேஸ் வீட்டில் பூட்டிய அன்று அவன் மனைவி நிரோஷினிதான் எனக்குச் சோறு போட்டாள்.

பிறகு அவள் பிள்ளையோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். றமேஸ் என் இணைப்பில் ஒரு இன்ரநெற் பக்கம் போட்டான். அவளுடைய படம், அவனுடைய ரெலிபோன் நம்பர், கண்டவர்கள் சொல்லுங்கள் என்று ஒரு வரி. அவளைத் தேடவே கூடாது என்று கோர்ட் அவனுக்குக் கட்டளை போட்டிருந்தது. அந்தக் கடதாசியோடுதான் அவள் வந்திருந்தாள்.

"அண்ணை, உந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. கண்டுபிடிச்சாரெண்டா என்னை உயிரோட விடமாட்டார்."

"நாங்கள் வெறும் வயர்தான், தங்கச்சி. ரெலிபோனில ஒருத்தன் வெருட்டினா ரெலிபோன் கொம்பனியையோ பிடிச்சு அடைக்கிறவை?"

நியாயமான பேச்சு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் கைவைத்தால் எல்லாப் பக்கங்களுக்கும் நீதான் பொறுப்பு என்று என் லோயர் சொல்லியிருந்தார். முறைப்பாட்டை எழுத்தில் வாங்கி, வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும். படிவத்தை நீட்டினேன்.

"விலாசமும் எழுதவேணுமோ?"

"ஓம், பைலுக்கு."

ரூஜ் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் என்று எழுதினாள். பிரதியை அன்றே றமேசுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அவன் அங்கே போனான். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்தபோது தாய் உயிரோடு இல்லை.

அவனுடைய காருக்குள் அந்தப் பிரதி கிடந்தது. அடியில் தமிழில் ஒரு வரி. என்னவென்று பொலிஸ்காரர் என்னிடமே கேட்டார். 'உடன் கவனிக்கவும்' என்று சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். சட்டப்படி உன்னில் பிழையில்லை என்றார் லோயர். அதைக் கேட்டு நிம்மதிப்பட்டேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முறைப்பாடு செய்பவரின் விலாசத்தை மறைத்து அனுப்பு என்றும் லோயர் முதலே சொல்லியிருந்தார். மற்றவர்களுடையதை வெள்ளை மை பூசி மறைத்துத்தான் அனுப்பினேன். அன்றைக்கும் அந்தப் போத்தல் மேசையில் இருந்தது. ஆனால் அதற்கு முதல் கிழமை, அதே கதிரையில் இருந்து றமேஸ் விக்கி விக்கி அழுதிருந்தான். பிரிந்து நின்ற மூன்று குடும்பங்களைப் பேசிச் சேர்த்துவைத்தவன் நான். இது நாலாவதாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் எழுதிய வரி இதுதான்: 'தம்பி, கோவப்படாமல் போய்க் கூட்டிக்கொண்டு வா.'

கோவப்படாமல் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். தயவுசெய்து அதையும் கணக்கில் எடுங்கள்.