மேல்மாடிப் பெட்டி

— இன்னும் சுத்திக்கொண்டுதான் கிடக்கு, றிஸ்லான். நீ வந்த நேரத்தில இருந்து அந்த மணற்கடிகாரத்தத்தான் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

— பொறுங்க கஜானியக்கா. உங்கட கொம்பியூட்டர்ல பிழை இல்ல. வைரஸ் பாத்தன், தூசி தட்டினன். இதுக்குள்ள இரிக்கிறதெல்லாம் பறக்குது. வேலிக்கு அங்கால, சித்தப்பாட மேல்மாடிக் கொம்பியூட்டர்ப் பெட்டியில இரிக்கிறதத் திறந்தாத்தான் நொண்டுது.

— எனக்கு வேண்டியது அதுக்குள்ளதானே கிடக்கு. தம்பி யதுட படம். நாளைக்கு விடிய வவுனியா பஸ். சண்டை முடிஞ்சு பிடிச்சு வச்சிருக்கிற பொடியன்மாருக்குள்ள யதுவும் இருக்கலாமாம். படம் இல்லாமப் போனா வாசல்லயே திருப்பி விடுவானுகள்.

— கடதாசிப் படம் ஒண்டுமே இல்லையா?

— அல்பம் முழுக்கச் சுனாமியோட போயிட்டு. பிறகு எடுத்ததெல்லாம் இந்த டிஸ்க்குக்குள்ளதான். இனியும் கடல் வந்தா எண்டுதான் சித்தப்பாட மேல்மாடியில கொண்டு வச்ச. வேலிக்கு மேலால வயர் இழுத்ததே யதுதான்.

— வயர் நல்ல வயர். அணில் கடிச்ச துண்ட வெட்டிப்போட்டுப் புதுத் தலையும் அடிச்சிட்டன். அப்பவும் நொண்டுது.

— அப்ப இன்னும் பார். எல்லாத்தையும் பார். தேத்தண்ணி வேணுமெண்டா ஊத்தித் தாறன். படம் வராம உன்ன அனுப்ப மாட்டன்.

— உம்மா காத்தான்குடியில இருந்து தேடி வரப்போறா.

— வரட்டும். அவவுக்கும் ஊத்துறன்.

— சரி, செல்லுங்க. எப்ப இருந்து இப்பிடி?

— மாரிக்குள்ள இடி விழுந்ததில இருந்து. சித்தப்பாட பெட்டி எரிஞ்சிட்டு. நல்ல காலம், படம் இருந்த டிஸ்க் தப்பினது. அதக் கழற்றி வேற பெட்டியில போட்டுத் தந்தார். உங்கட ஊரில வாங்கினவராம். புதுசாம்.

— புதுசா? எந்தக் கடையில? அக்கா, இந்தா பாருங்க. அந்தப் பக்கம் இரிக்கிற நெட்வேர்க் கார்ட் ஆதிகாலத்துக் கார்ட். இது புதுசெண்டா நான் மாப்பிள்ளை. எவனோ அவருட தலையில பழசக் கட்டிட்டான்.

— சித்தப்பா ஏமாறுற ஆளில்ல.

— மேல ஏறிப் பாத்தா வேலை முடிஞ்சு.

— விட மாட்டார். மேல் அறை எப்பவும் பூட்டு. தூசி புள்ள, ஒதுக்கல்ல புள்ள எண்டுவார். அவர நான் கரைச்சல்படுத்தவும் மாட்டன் றிஸ்லான். யதுவத் தேடி என்னோட ஒவ்வொரு ஆமிக் காம்ப் வாசல்லயும் நிண்ட ஒரே மனிசன் அவர்தான்.

— அப்ப இஞ்ச இருந்தே கேப்பம்.

— ஆரிட்ட?

— பெட்டிட்டத்தான். இதுல வெறும் நம்பர்தானே காட்டுது. நம்பருக்குப் பின்னால ஆரு எண்டு கேட்டா, தன்ட பேரச் செல்லும்.

— யதுவும் உன்ன மாதிரித்தான், பெட்டியோட கதைச்சுக்கொண்டே கிடப்பான். வட்டைக்கு வாடா, நெல்லு வெட்டுக்கு ஆள் இல்ல எண்டு அப்பா கத்துவார். இவன் கதிரையால எழும்பாமலே, நான் வட்டையிலதான் நிக்கிறன் அப்பா எண்டுவான்.

— வயலும் இதுதான், வரம்பும் இதுதான் எண்டா? நல்ல பொடியன். அந்தப் பெட்டி எங்க இப்ப?

— வெள்ளை வேனில வந்தவனுகள் அவனையும் ஏத்தினானுகள், பெட்டியையும் ஏத்தினானுகள். விசாரிச்சுப்போட்டு ரெண்டையும் தாறமெண்டானுகள்.

— அல்லாட காவல்... இந்தா, பதில் வந்திட்டு. ஹா! என்னக்கா பேர் இது? வி, ஏ, டி, டி, ஏ, ஐ. வட்டை! சித்தப்பாக்குப் பெட்டிக்குள்ளயும் வயலா?

— திரும்பச் சொல்லு.

— வட்டை. ஏனக்கா?

— திரைய இஞ்சால திருப்பு.

— இந்தா. என்னக்கா அந்தப் பேருல?

— இது யது வச்ச பேர். அப்பாக்குப் பகிடி பண்ண வச்ச பேர். தன்ட பெட்டிக்கு.

— வேனில ஏத்தின பெட்டிக்கா?

— ஓம்.

— அல்லாவே. அக்கா, அவசரப்படாதீங்க. பேர் ஒண்டுபோல ரெண்டு பெட்டிக்கும்...

— ஊர் உலகத்தில ஆர் கொம்பியூட்டருக்கு வட்டை எண்டு பேர் வைப்பான்? நீதானே சிரிச்ச. படத்த இறக்கு. எவ்வளவு மெதுவா வந்தாலும் இறக்கு. கையோட இந்தப் பேரையும் படம் எடுத்து வை.

— எடுக்கிறன். ஆனா அவருக்கு இப்ப ஒண்டும் காட்டிக்கொள்ளாதீங்க. ஆரோட தொடர்போ...

— கஜானி! புள்ள! சித்தப்பாதான், வேலியடியில நிக்கிறன். என்ன, படம் வந்திட்டா?

— அக்கா, சத்தம் போடாதீங்க.

— சத்தம் போடாம இருந்தது காணும், றிஸ்லான். நீ இறக்கு.

— கேக்குதா புள்ள? வவுனியாவுக்கு நானும் வாறன். உன்னத் தனிய விடுவனா? ரெண்டு சீட் சொல்லி வச்சிட்டன்!

— சீட் வேணாம் சித்தப்பா. வட்டை உங்கட மேல்மாடியில நிக்குது. யது எங்க?